குரல் கொடுத்தால் கூலியா?

அமெரிக்காவிலே சொந்தமாகச் சிறு விமானம் ஓட்டுகிறவன் வரி கொடாதவனா? விமானப் பெட்ரோலுக்குக் கேலனுக்கு 19 சென்டுக்கு மேல் மத்திய அரசுக்குக் கட்டுகிறான். புறப்படுமுன் வானிலை விவரம், வழியிலே ரேடார் துணை, இரண்டுக்கும் தனிக் கூலி இல்லை.

2011இல் ஒபாமா அரசு கேட்டது, பறப்பு ஒன்றுக்கு 100 டாலர்! பொழுதுபோக்காகப் பறக்கும் பிஸ்டன் விமானத்துக்கு விலக்கு என்றார்கள். இன்று விலக்கு, நாளை?

மேகம் சூழ்கிறது. கண்பார்வையை நம்பிப் பறப்பவன் அதனுள் நுழைந்தால் மேல் எது, கீழ் எது என்றே மயங்குவான், அநேகமாக மரணந்தான். அந்த வேளையிலே, கூப்பிட்டால் காசு என்றால் கை தயங்காதா? டாக்டர் பீசுக்கு அஞ்சிக் காய்ச்சலை மறைக்கும் குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா?

அமெரிக்கக் காங்கிரஸ் அதை ஏற்கவில்லை. பெட்ரோல் வரியே நீடிக்கிறது.