செய்மதித் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டியின் உரிமையும் செயலாக்கமும்

செய்மதித் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி என்பது செய்மதியில் இருந்து வரும் தொலைக்காட்சிக் குறிப்பலைகளைப் பெற்று, மறைகுறி நீக்கிக் காட்டுவதுடன், அவற்றை வன்தட்டில் பதிந்து வைக்கவும் வல்ல கருவி ஆகும். பதிவு வசதி இல்லாத சாதாரணப் பெட்டி 'செட்-டாப் பாக்ஸ்' என்றும், இச்சேவை பொதுவாக 'டிடிஎச்' என்றும் தமிழ்நாட்டில் வழங்கப்படுகின்றன. கடையிலோ பிறரிடமோ பெட்டியைச் சொந்தமாக வாங்கிய ஒருவர், சேவை நிறுவனம் அதைத் தன் கணக்கில் சேர்த்துத் திறந்துவிடும் வரை கட்டண அலைவரிசைகளைப் பார்க்க இயலாது. இவ்வாறு திறந்துவிடுவதே செயலாக்கம் (பேச்சு வழக்கில் ஆக்டிவேஷன்) எனப்படும். பெட்டி யாருடையது, செயலாக்கம் செய்துகொள்வதால் பயனர் எத்தனை காலம் அந்நிறுவனத்துடன் கட்டுண்டு இருக்க வேண்டும் என்ற இரு கேள்விகளும் இத்துடன் பிணைந்தவை.

நீலகிரி மாவட்டத்தில் இக்கேள்விகளுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மலைச்சரிவுகளில் சிதறிக் கிடக்கும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் பலவற்றுக்குக் கம்பிவடத் தொலைக்காட்சி எளிதில் சென்று சேர்வதில்லை. தோட்ட வேலை மாறும்போது குடும்பம் லயன் வீட்டைக் காலி செய்து வேறு தோட்டத்துக்கோ, கோயம்புத்தூர், திருப்பூர் போன்ற ஊர்களுக்கோ செல்கிறது. அப்போது டிஷ்ஷும் பெட்டியும் கூடவே செல்லும் உடைமைகளாகின்றன.

வரலாறு

இந்தியாவில் கே.யு. அலைப்பட்டையில் வீட்டுக்கு நேரடியாகச் செய்மதித் தொலைக்காட்சி பெறுவது 1997 ஆம் ஆண்டு தடை செய்யப்பட்டது. 2000 ஆம் ஆண்டு நவம்பரில் தடை நீங்கி, 2001 ஆம் ஆண்டு மார்ச்சில் உரிம வழிகாட்டு நெறிகள் வெளிவந்தன. டிஷ் டிவி 2003 ஆம் ஆண்டிலும், தூர்தர்சனின் இலவசச் சேவையான டிடி டைரக்ட் பிளஸ் (இன்று டிடி ஃப்ரீ டிஷ்) 2004 ஆம் ஆண்டு திசம்பரிலும், டாடா ஸ்கை (2022 முதல் டாடா பிளே) 2006 ஆம் ஆண்டிலும் தொடங்கின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சன் டைரக்ட் 2007 ஆம் ஆண்டின் இறுதியில் வந்தது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் டிடிஎச் பரவியதற்கு இதன் குறைந்த விலையே முதன்மைக் காரணம் எனலாம். 2008 இல் பிக் டிவியும் ஏர்டெல்லும், 2009 இல் வீடியோகான் டிடுஎச்சும் சேர்ந்தன.

பதிவு வசதி கொண்ட டாடா ஸ்கை பிளஸ் 2008 ஆம் ஆண்டில் அறிமுகமானது. அமெரிக்காவில் டிவோ 1999 இலும், பிரித்தானியாவில் ஸ்கை பிளஸ் 2001 இலும் வந்திருந்தன. பின்னாளில் இந்திய நிறுவனங்கள் பல, உள் வன்தட்டுக்குப் பதிலாக யு.எஸ்.பி. வழியே வெளி நினைவகத்தை இணைத்துப் பதியும் மலிவான பெட்டிகளைத் தந்தன.

செயலாக்கம் நடைபெறும் விதம்

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு தனி அடையாள எண்ணும், அதில் செருகப்படும் பார்வை அட்டைக்கு மற்றோர் எண்ணும் உண்டு (சில புதிய பெட்டிகளில் அட்டை இல்லை, அதன் பணியைச் சில்லே செய்கிறது). நிறுவனம் இவ்விரு எண்களையும் தன் தரவுத்தளத்தில் சோடி சேர்க்கிறது. பின்னர் "இந்த அட்டைக்கு இன்ன அலைவரிசைகளைக் காண உரிமை உண்டு" என்னும் உரிமைச் செய்தி செய்மதி வழியாகவே அனுப்பப்படுகிறது. அச்செய்தி நாடு முழுவதும் ஒலிபரப்பாகும்; உரிய எண் கொண்ட அட்டை மட்டும் அதை ஏற்றுக்கொள்ளும். மற்றொரு வகைச் செய்தியில் வரும், சில வினாடிகளுக்கு ஒருமுறை மாறும் திறவுச் சொல்லை அட்டை விடுவித்துத் தருவதால் படம் தெரிகிறது.

பெட்டியில் இருந்து நிறுவனத்துக்குத் திரும்பிச் செல்லும் வழி ஏதும் இல்லை. எனவே உரிமைச் செய்தி வரும் நேரத்தில் பெட்டி மின்னிணைப்பில் இருக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் கோடைப் பருவத்துக்கு மட்டும் திறக்கப்படும் வீடுகளில், பல மாதங்கள் அணைத்து வைத்த பெட்டி பணம் கட்டிய பின்னும் திறக்காமல் இருப்பது இதனாலேயே. பெட்டியை ஓர் அலைவரிசையில் நிறுத்தி வைத்து, செய்தியை மீண்டும் அனுப்பும்படி நிறுவனத்தைக் கேட்டால் போதும். பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணி மாற்றத் தேவையில்லை.

பதிவுப் பெட்டியில் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மறைகுறியுடனேயே வன்தட்டில் எழுதப்படுகின்றன. வன்தட்டைக் கழற்றிக் கணினியில் இணைத்தால் எதுவும் ஓடாது. வெளி நினைவகத்தையும் பெட்டி தனக்கே உரிய முறையில் வடிவமைத்துப் பூட்டிக்கொள்கிறது. இதனால் ஒருவர் தம் பணத்தில் வாங்கிய வன்தட்டில் தாமே பதிந்து வைத்த நிகழ்ச்சியும், பெட்டி பழுதானாலோ நிறுவனம் மாறினாலோ கைவிட்டுப் போய்விடுகிறது. பயனர்கள் பெரும்பாலும் வாங்கிய பின்னரே அறிந்துகொள்ளும் செய்தி இது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே வேறொன்றைப் பதிய இரண்டு அலை இசைப்பிகள் தேவை. அதற்கு டிஷ்ஷில் இரட்டை வெளியீடு உள்ள எல்.என்.பி.யும், பொதுவாக இரண்டு வடங்களும் வேண்டும்.

ஒப்பந்தக் கட்டுப்பாடு

அமெரிக்காவில் இக்கட்டுப்பாடு எழுத்து வடிவில் உள்ளது. டைரக்டிவி நிறுவனம் 2006 ஆம் ஆண்டு மார்ச் முதல் தன் பெட்டிகளை வாடகை முறைக்கு மாற்றியது. அதன் பின் ஒருவர் கடையில் முழுப்பணம் கொடுத்து வாங்கிய பதிவுப் பெட்டியும் பெரும்பாலும் வாடகைப் பொருளாகவே கருதப்பட்டது. அதைச் செயலாக்கம் செய்தவுடன் இரண்டு ஆண்டுக் கட்டுப்பாடு தொடங்கியது. இடையில் விலகினால் தண்டக் கட்டணம் உண்டு. இந்த இரண்டு ஆண்டுக் கட்டுப்பாடு விளம்பரங்களில் தெளிவாகச் சொல்லப்படவில்லை என்பது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளுடன் அந்நாட்டு நடுவண் வணிக ஆணையம் 2015 ஆம் ஆண்டு வழக்குத் தொடுத்தது. 2018 இல் நீதிமன்றம் வழக்கின் பெரும்பகுதியை ஏற்காததை அடுத்து அது கைவிடப்பட்டது.

இந்தியாவில் டிடிஎச் முன்பணச் சேவை. ரீசார்ஜ் செய்யாவிட்டால் படம் நிற்கும், அவ்வளவே. தண்டம் கேட்டு எவரும் வருவதில்லை. ஆனால் இங்குக் கட்டுப்பாடு தாளில் இல்லாமல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் பெட்டி மற்றொன்றின் சேவைக்குப் பயன்படாது. 2011 ஆம் ஆண்டு சனவரியில் செல்பேசி எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றும் உரிமை நாடு முழுவதும் வந்தது. தொலைக்காட்சியில் அதற்கு ஈடான வசதி இல்லை.

உரிம நெறிகள் இதை விரும்பவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பெட்டிகள் திறந்த கட்டமைப்பு உடையனவாகவும், நிறுவனங்களுக்கிடையே மாற்றிப் பயன்படுத்தத் தக்கனவாகவும் இருக்க வேண்டும் என்று 2001 ஆம் ஆண்டு நெறிகளே கூறின. அதற்காகப் பெட்டியில் ஒரு பொது இடைமுகச் செருகுவாய் வைக்கப்பட்டது. புதிய நிறுவனத்தின் மறைகுறி நீக்கும் கூறை அதில் செருகினால் போதும் என்பது எண்ணம். நடைமுறையில் இது தோற்றது. டிஷ் டிவி கோனாக்ஸ், டாடா ஸ்கை என்.டி.எஸ்., சன் டைரக்ட் இர்டெட்டோ, பிக் டிவி நாக்ராவிஷன் என ஒவ்வொன்றும் ஒரு மறைகுறி முறையைக் கையாண்டன. சன் டைரக்ட் தொடக்கம் முதலே எம்பெக்-4 முறையில் ஒளிபரப்பியதால், பழைய எம்பெக்-2 பெட்டியில் எந்தக் கூறைச் செருகினாலும் பயன் இல்லை. அக்கூறின் விலை புதிய பெட்டியின் விலையை நெருங்கியதும், நிறுவனங்கள் புதுப் பெட்டியைச் சலுகை விலையில் தந்ததும் செருகுவாயை வெறும் ஓட்டையாக்கிவிட்டன.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) 2020 ஆம் ஆண்டு ஏப்ரலில், எல்லாப் பெட்டிகளும் மாற்றிப் பயன்படுத்தத் தக்கனவாக இருப்பதைக் கட்டாயமாக்குமாறு நடுவண் அரசுக்குப் பரிந்துரைத்தது. யு.எஸ்.பி. வடிவிலான சி.ஐ. பிளஸ் 2.0 தரத்தை அது முன்மொழிந்தது.

கட்டண விதிகள்

டிராயின் 2007 ஆம் ஆண்டுச் சேவைத் தர ஒழுங்குவிதிகள், பெட்டியை முழு விலைக்கோ, தவணைக்கோ, வாடகைக்கோ பெறும் தெரிவைப் பயனருக்கு அளித்தன. 2017 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் நிறுவுதல் கட்டணத்துக்கு 350 ரூபாயும், செயலாக்கக் கட்டணத்துக்கு 100 ரூபாயும் உச்ச வரம்பாக விதித்தன. 2024 ஆம் ஆண்டு சூலைத் திருத்தத்தால் இவ்வரம்புகள் நீங்கின; கட்டணத்தை நிறுவனமே முடிவு செய்து வெளியிட வேண்டும். 2019 இல் 100 அலைவரிசைகளுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய் என்று இருந்த வலையமைப்புக் கட்டண வரம்பும் அதே திருத்தத்தில் அகன்றது. எனவே பழைய வரம்புகளைக் காட்டி வாதிடுவது இன்று பயன் தராது.

முழு விலைக்கு வாங்கினாலும் பார்வை அட்டை பெரும்பாலும் நிறுவனத்தின் சொத்தாகவே நீடிக்கும். பிறர் பயன்படுத்திய பதிவுப் பெட்டியை வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும்: முந்தைய பயனரின் பெயரில் உள்ள கணக்கு மாற்றப்படாவிட்டால் செயலாக்கம் மறுக்கப்படலாம். பற்றுச்சீட்டும், பெட்டி விற்கப்பட்டதா வாடகைக்குத் தரப்பட்டதா என்று அதில் எழுதியிருப்பதும் இவ்விடத்தில் உதவும். தீர்வு கிட்டாதபோது 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணையோ, உதகமண்டலத்தில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ அணுகலாம்.

நீலகிரியில் டிஷ்ஷின் திசை

ஊட்டி ஏறத்தாழ 11.4° வடக்கு, 76.7° கிழக்கில் அமைந்துள்ளது. டாடா பிளே பயன்படுத்தும் 83° கிழக்குச் செய்மதி இங்கிருந்து ஏறக்குறைய 75° ஏற்றக் கோணத்தில், அதாவது தலைக்கு மேல் சற்றுத் தென்கிழக்கே தெரியும். டிடி ஃப்ரீ டிஷ் உள்ள 93.5° கிழக்குச் செய்மதிக்கு இது ஏறத்தாழ 66°, ஏர்டெல்லின் 108.2° கிழக்குக்கு 51°. இவ்வளவு உயரத்தில் மலைமுகடு மறைப்பது அரிது. வீட்டை ஒட்டி வளர்ந்த சில்வர் ஓக், கற்பூர மரங்களே உண்மையான தடை. மூடுபனியால் படம் போகிறது என்ற கருத்தும் சரியன்று. இவ்வலைப்பட்டையில் மூடுபனியின் பாதிப்பு மிகச் சிறிது. கனமழையே காரணம்: கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவத்திலும், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவத்திலும் பதிவுகள் இடையிடையே அறுபடும்.

நிறுவனத்தை மாற்றினால் பெட்டியோடு டிஷ்ஷின் திசையும் மாற வேண்டும். 2010 ஆம் ஆண்டு சூலை 7 அன்று இன்சாட்-4பி செய்மதியில் மின்வழங்கல் கோளாறு ஏற்பட்டு, சன் டைரக்ட் 91.5° கிழக்கில் உள்ள மீசாட்-3க்கு மாறியபோது, நிறுவனத்தை மாற்றாத பயனர்களும் டிஷ்ஷைத் திருப்ப வேண்டியதாயிற்று.

சேவை நின்றால்

பெட்டியின் மீது முழு உரிமை இருந்தும் அது பயனற்றுப் போகக் கூடும். பிக் டிவி 2018 ஆம் ஆண்டில் இன்டிபென்டன்ட் டிவி எனப் பெயர் மாறிப் பின்னர் நின்றுபோனது. அதன் பெட்டிகளைத் திறந்துவிட எவரும் இல்லை. தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் கட்டணமின்றி வழங்கிய பெட்டிகளில் இலட்சக்கணக்கானவை 2022 ஆம் ஆண்டு நவம்பரில் மென்பொருள் சிக்கலால் ஒரே நேரத்தில் இருண்டன. அவை செய்மதிப் பெட்டிகள் அல்ல எனினும் சிக்கலின் இயல்பு ஒன்றே.

டிடி ஃப்ரீ டிஷ் இதற்கு ஓரளவு விலக்கு ஆகும். அதற்கு மாதக் கட்டணம் இல்லை. பெட்டியைச் சந்தையில் எந்தக் கடையிலும் வாங்கலாம். அதன் மறைகுறியற்ற அலைவரிசைகளைக் காண எவருடைய செயலாக்கமும் தேவையில்லை. அவற்றைப் பூட்டில்லாத பெட்டியில் பதிந்து, நினைவகத்தைக் கழற்றி வேறு கருவியில் போட்டுப் பார்க்கவும் முடியும்.