பட்டி எதுவரை?

வங்காள விரிகுடாவின் உப்புக்காற்று ஓயாமல் வீசும் காரைக்கால் பிரதேசத்தில், நெரவி என்ற ஊரில், கொட்டகை மூலையில் பல வருஷங்கள் சும்மா நின்றுவிட்ட பழைய புல்லட் ஒன்றை வெளியே தள்ளிக்கொண்டுவந்து, டாங்கையும் சீட்டையும் என்ஜினையும் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சிய சேஸிஸைச் சுரண்டிப் பார்ப்பவர்களுக்கு இரும்பின் உண்மையான வயது அப்போதுதான் பிரத்தியட்சமாகத் தெரியவரும். வெளிப்பார்வைக்குச் சாயம் மட்டும் உப்பியிருந்த இடத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினால், செதில் செதிலாகத் துரு உதிர்ந்து, அதன் அடியில் அம்மைத் தழும்புகள் நிறைந்த குழாய் வெளிப்படும். எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் காவிரிப் படுகை அலுவலகம் அமைந்துள்ள இவ்வூருக்கு எஃகுக் குழாய்க்கும் உப்பு ஈரத்துக்கும் உள்ள தீராப் பகை புதிதன்று. அந்தத் தழும்புகளை என்ன செய்வது என்ற கேள்வி எழும்போதுதான், பட்டறையில் பள்ளம் நிரப்பும் பட்டி டப்பா திறக்கப்படுகிறது.

1955ஆம் வருஷம் மதராஸில் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றி, திருவொற்றியூரில் புல்லட்டுகளை உற்பத்தி செய்யத் தொடங்கிய காலம்தொட்டு, அந்த வண்டி நம் தேசத்தில் போலீஸ்காரர், பட்டாளத்தார், மிராசுதார் முதலிய பலதரப்பட்டவர்களின் வாகனமாக விளங்கிவந்திருக்கிறது. அவ்வாறு நம்மிடம் எஞ்சிய பழைய வண்டிகளைப் புதுப்பிக்க விரும்புவோரில் இரு வகையினர் உண்டு. வண்டி தொழிற்சாலையைவிட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே அதைத் திரும்பக் காண வேண்டும் என்பவர்கள் ஒரு வகை. அதைச் ‘சாப்பர்’ ஆக மாற்றிவிட வேண்டும் என்பவர்கள் மற்றொரு வகை. இரு சாராருக்கும் பட்டி தேவைப்படுகிறது. ஆயினும் அபாயம் இரண்டாம் சாராருக்கே அதிகம்.

சாப்பர் என்பது அமெரிக்காவில் பிறந்த ஒரு மோகம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய வாலிபர்கள், தங்கள் கனமான மோட்டார் சைக்கிள்களின் மட்கார்டு முதலிய உபரி அங்கங்களை வெட்டியெறிந்து இலேசாக்கியதில் தொடங்கிய இப்பழக்கம், 1960களில் சேஸிஸின் கழுத்தையே அறுத்து, அதிகச் சாய்வில் திரும்ப வெல்டு செய்து, முன்போர்க்கை நீட்டிவிடும் அளவுக்கு வளர்ந்தது. 1969இல் வெளிவந்த ‘ஈஸி ரைடர்’ என்ற திரைப்படம் அந்த உருவத்தை உலகமெங்கும் பிரசித்தப்படுத்தியது. அப்படத்தின் வண்டிகளை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்ட கிளிஃபர்டு வாஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பின அமெரிக்கர்களின் பெயர்கள் வெகுகாலம் வெளியே தெரியாமலே இருந்தன. அக்காலத்துச் சாப்பர்க்காரர்கள் கழுத்துப் பகுதியில் குழாய்கள் கூடும் இடங்களில் வெல்டிங் தழும்பே தெரியாதபடி நிரப்பி, இழைத்து, சேஸிஸ் முழுவதும் ஒரே வார்ப்பில் உருக்கியது போன்ற தோற்றத்தை உண்டாக்கி, அதன்மேல் மினுமினுக்கும் சாயம் அடிப்பதைத் தனிக் கலையாகவே பயின்றார்கள். பழைய சாப்பர் சேஸிஸில் பட்டி ஏறிய சரித்திரம் இதுதான்.

ஆதியில் பட்டறைகளில் நிரப்பு வேலைக்கு உபயோகமானது ஈயம். எழுபது பங்கு ஈயமும் முப்பது பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகம் 183 டிகிரியில் இளகத் தொடங்கி, முழுவதும் உருகுவதற்குள் சிறிது நேரம் குழைவாக நிற்கும். அந்த இடைவேளையில் மரக்கட்டையால் தேய்த்துப் பரப்பிவிடுவார்கள். ஈயத்தின் நஞ்சும், அதற்கு வேண்டிய கைப்பழக்கமும் தொல்லையாயிருந்தபடியால், 1950களில் பாலியெஸ்டர் பட்டி வந்ததும் பட்டறைகள் அதைச் சுவீகரித்துக்கொண்டன. நம் டிங்கரிங் கடைகளில் இன்று வழங்குவதும் இதுவே. பாலியெஸ்டர் பிசினை ஸ்டைரீன் என்ற நெடி மிகுந்த திரவத்தில் கரைத்து, மாக்கல் தூளை மிகுதியாகச் சேர்த்துக் குழைத்தது அந்தக் கூழ். அதை இறுகச் செய்வது சிறு டியூபில் வரும் ஹார்டனர்.

கைதேர்ந்த பெயிண்டர் ஒருவர் பட்டி கலக்குவதைப் பக்கத்திலிருந்து கவனிப்பது சுவாரசியமானது. வழவழப்பான தகடு ஒன்றின்மேல் சாம்பல் நிறக் கூழை எடுத்து வைத்து, நூறு கிராமுக்கு இரண்டு கிராம் என்ற கணக்கில் சிவப்பு ஹார்டனரைப் பிதுக்கி, இரும்புத் தகட்டால் மடித்து மடித்து அழுத்துவார். சிவப்புக் கோடு ஒன்றுகூட மிஞ்சாமல் எல்லாம் ஒரே வெளிர் ரோஜா நிறமாகும் வரை விடமாட்டார். சுழற்றிக் கிண்டினால் காற்று புகுந்து, பின்னர் ஊசித் துளைகளாகத் தலைகாட்டும். ஹார்டனர் மிகுந்தால் சீக்கிரம் இறுகும் என்பது மெய்தான். ஆனால் மிஞ்சிய ரசாயனம் மேற்சாயத்தில் கறையாக ஊறி வெளிப்படும். கலந்த நொடியிலிருந்து நேரத்தோடு ஓட்டப்பந்தயம் தொடங்கிவிடுகிறது. சில நிமிஷங்களில் கூழ் தகட்டில் ஒட்டாமல் உருளத் தொடங்கும்; சித்திரை வெயிலில் அந்தச் சில நிமிஷமும் குறைந்துபோகும். ஆகவே அனுபவசாலிகள் வெயில் ஏறுமுன் நிழலில் கலக்குவார்கள். இறுகிய பட்டியின் மேற்பரப்பு மட்டும் பிசுபிசுவென்று இருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. காற்றிலுள்ள பிராணவாயு அந்த மெல்லிய படலத்தை இறுகவிடாமல் தடுப்பதே காரணம். முரட்டு அரத்தால் ஒரு வாங்கு வாங்கினால் அது போய்விடும். பிறகு 80ஆம் எண் உப்புத்தாள், அதன்பின் 180, முடிவில் 320 என்று படிப்படியாக இழைக்க வேண்டும். மாக்கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகமூடியும் அவசியம்.

நம் கடற்கரைக்கென்றே ஓர் எச்சரிக்கையை விசேஷமாகச் சொல்ல வேண்டும். மாக்கல் கலந்த பட்டி ஈரத்தை உறிஞ்சும் வஸ்து. பிரைமர் ஏறாத பட்டியைத் தண்ணீர் தொட்டு இழைத்தாலும், இழைத்த சேஸிஸை ஐப்பசி மழைக்காற்றில் இரவு முழுவதும் நிறுத்திவைத்தாலும், உறிஞ்சிய ஈரம் பட்டியைக் கடந்து இரும்பை எட்டி, சாயத்தின் அடியிலேயே மறுபடி துருவை வளர்க்கும். சில மாதங்களில் கொப்புளம் எழும்பும். உப்புப் படிந்த இரும்பை நல்ல தண்ணீரால் கழுவி, முற்றும் உலர்த்தி, பளிச்சென்ற எஃகு தெரியும்வரை சுரண்டி, எபாக்ஸி பிரைமர் பூசி, அது இறுகியபின் மேற்பரப்பைக் கீறிவிட்டு அதன்மேல் பட்டி இடுவது இவ்வூருக்கு ஏற்ற முறை. பவுடர் கோட்டிங் செய்யும் உத்தேசம் இருந்தாலோ பாலியெஸ்டர் பட்டியை நாடவே கூடாது. சுமார் 180 முதல் 200 டிகிரி வரை காயும் அடுப்பில் அது பொரிந்துவிடும், பழைய ஈயமும் இளகி வழிந்துவிடும்.

இனி, பட்டி எதற்கு உதவாது என்பதே தலையாய விஷயம். சேஸிஸ் என்பது என்ஜினையும் ஓட்டுபவரையும் தாங்கி, குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வோர் அதிர்ச்சிக்கும் சற்றே வளைந்து நிமிரும் உறுப்பு. எஃகோடு ஒப்பிட்டால் பட்டிக்கு உள்ள பலம் அற்பம். சூட்டில் அது விரியும் அளவோ அதிகம். எஃகு வளையும்போது அதனுடன் வளைய மாட்டாத பட்டி தனியே வெடிக்கும். ஆகையால், துருவின் மேலோட்டமான பள்ளங்களையும், சோதித்துத் திருப்தியடைந்த வெல்டிங்கின் மேடு பள்ளங்களையும் மூன்று மில்லிமீட்டருக்கு மேற்படாமல் சமன் செய்வது வரைதான் அதன் அதிகாரம். ஓட்டை விழுந்த குழாய்க்கோ கீறல் விட்ட கழுத்துக்கோ பட்டி இடுவது, விரிசல் கண்ட தூணுக்குச் சுண்ணாம்பு அடித்து வீட்டை வாடகைக்கு விடுவதற்குச் சமானம். அழுகிய பகுதியை அறுத்தெடுத்து, உள்ளே குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி, தேர்ந்த வெல்டரைக் கொண்டு இணைப்பதே அதற்குரிய பரிகாரம். என்ஜினைப் பிடிக்கும் தகடுகளிலும் போல்ட்டு இறுகும் முகங்களிலும் பட்டி படவே கூடாது. நாளடைவில் அது நசுங்கி போல்ட்டு தளரும். எர்த் ஒயர் இணையும் இடத்தில் பட்டால் விளக்குகூட எரியாது.

சாப்பரின் நீண்ட போர்க்கு ஒரு நெம்புகோலாக அமைந்து, பிரேக்கு பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் கழுத்து இணைப்பை முறிக்கப் பார்க்கிறது. அக்காலத்துச் சாப்பர்களில் பட்டி வழவழவென்று போர்த்தியிருந்ததும் அதே கழுத்தைத்தான். அழகு தேவைப்படும் இடமும் பலம் தேவைப்படும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிட்டதில்தான் அபாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கீறல் உண்டா என்று அறிய நம் பட்டறைகளில் பழைய உபாயம் ஒன்று உண்டு. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று ஊறவிட்டு, துணியால் நன்கு துடைத்து, சாக்குக்கட்டித் தூளைப் பூச வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குள் பதுங்கிய எண்ணெய் வெளியே கசிந்து, வெள்ளைத் தூளின்மேல் மயிரிழை போன்ற கறுத்த கோடாகப் படரும். சாயம் அடித்து முடித்த வண்டியை விலைக்கு வாங்குவோருக்கு இவ்வசதி இல்லை; அவர்கள் சிறு காந்தத்தைச் சன்னத் துணியில் சுற்றிக் குழாய்களின் மேல் நகர்த்திப் பார்க்கலாம். பிடிப்பு சட்டென்று தளரும் இடத்தில் பட்டி தடித்திருக்கிறது என்று அறியலாம். கழுத்தில் பொறித்த சேஸிஸ் எண் மங்கியோ மூடியோ இருந்தால், அந்த வண்டியை வாங்காமல் திரும்புவதே விவேகம்.

சட்டத்தின் நோக்கும் சாப்பர் பற்றிய இந்த எச்சரிக்கைக்கு அனுசரணையாகவே இருக்கிறது. உற்பத்தியாளர் நிர்ணயித்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைக்க 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருவதில்லை என்பதைச் சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. ஐம்பது வருஷம் கடந்த வண்டிகளைப் புராதன வாகனமாகப் பதிவு செய்ய 2021இல் வந்த விதிகளும், சேஸிஸிலும் என்ஜினிலும் பெருமாற்றம் செய்யாத வண்டிகளுக்கே அந்த அந்தஸ்தை அளிக்கின்றன. காரைக்காலில் பதிவான பழைய புல்லட்டின் கழுத்தை அறுப்பவர், பலத்தோடு அந்தக் கௌரவத்தையும் சேர்த்தே அறுக்கிறார்.

“அண்ணே, பட்டியைப் போட்டு நைசா முடிச்சிடுங்க” என்று அவசரப்படும் வாலிபனிடம், “மொதல்ல மொட்டைச் சேஸிஸைப் பாருங்க தம்பி, அப்புறம் பேசலாம்” என்று சொல்லும் மெக்கானிக் கிடைப்பது பாக்கியம். அப்படிப்பட்டவர் கிடைக்காவிட்டால், அந்த நிபந்தனையை நாமே விதிக்க வேண்டும்: சுரண்டி முடித்த நிலையில் ஒரு தடவையும், வெல்டிங் முடிந்து பட்டி ஏறுமுன் மற்றொரு தடவையும் சேஸிஸை நம் கண்ணால் பார்த்துப் புகைப்படமும் எடுத்துக்கொண்ட பிறகே மேல்வேலைக்குச் சம்மதிக்க வேண்டும். அந்த இரண்டு படங்களையும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்திருந்தால், நாளை வண்டி கைமாறும்போது வாங்குகிறவர் காந்தத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியிராது.