ஒண்டுக் குடித்தனமும் நூறு யூனிட்டும்

வீட்டு உபயோகத்திற்கு மின் இணைப்புப் பெற்ற யாவருக்கும் இரண்டு மாதத்திற்கு 100 யூனிட் இலவசம் என்று 2016-ஆம் வருஷம் மே மாதத்தில் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது. வருமானம் எவ்வளவு என்று அது கேட்கவில்லை. மனுச் செய்துகொள்ளவும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மையை நாம் பாராட்டுகிறோம். ஆயினும், கேளாமலே விதித்த யோக்கியதை ஒன்று அதனுள் மறைந்து கிடக்கிறது. சலுகை கிடைத்தது குடும்பத்திற்கன்று, மீட்டருக்கு!

கணக்கைப் பார்ப்போம். பட்டுக்கோட்டையில் ஒரு வீட்டில் மூன்று ஒண்டுக் குடித்தனங்கள். குடித்தனத்திற்கு 150 யூனிட் செலவு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனி மீட்டர் இருந்தால், மூவருமாக 150 யூனிட்டுக்கே பணம் செலுத்துவர். ஒரே மீட்டரானால் 450-இல் 100 கழிந்து 350 யூனிட்டுக்குச் செலுத்த வேண்டும். செலவு ஏற ஏற யூனிட்டின் விலையும் ஏறுவதால், சுமை பின்னும் பெருகும். இலவச யூனிட்டுக்கும் சேர்த்து வாடகைக்காரரிடம் வசூலிக்கும் வீட்டுக்காரரும் உளர். மாளிகைவாசிக்கோ 100 யூனிட்டும் முழுமையாகக் கிடைக்கிறது. இது என்ன நியாயம்?

சட்டம் ஏழைக்கு விரோதமானதன்று. 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, வீட்டின் சொந்தக்காரர் மட்டுமல்ல, அதில் குடியிருப்பவரும் இணைப்புக் கேட்கலாம் என்கிறது. தடை விதிகளில் இருக்கிறது. 2004-இல் தமிழ்நாட்டில் வகுத்த மின் விநியோக விதிகள் சொந்தக்காரரின் சம்மதக் கடிதத்தைக் கேட்டன. அவர் மறுத்தால், வாடகை ரசீது போன்ற அத்தாட்சி காட்டி, ஈட்டுறுதிப் பத்திரம் எழுதி, இரட்டிப்பு முன்பணமும் கட்ட வேண்டுமென்றன. ரசீதே காணாத வாடகைக்காரர் இரட்டிப்புப் பணத்திற்கு எங்கே போவார்?

தனி மீட்டர் கொடுத்தால் குடியிருப்பவர் வீட்டுக்கு உரிமை கொண்டாடுவார் என்று சொந்தக்காரர் அஞ்சுகின்றனர். இவ்வச்சம் வீண். மின் இணைப்பு ஒருநாளும் கிரயப் பத்திரமாகாது.

சிறு வாடகைக்காரருக்கு இரட்டிப்பு முன்பணம் கூடாது என்பது நமது கோரிக்கை. ஊழியர்களும் வாளாவிருக்கலாகாது. தெருத் தெருவாகச் சென்று குடித்தனங்களைக் கணக்கெடுங்கள். வாடகைக்கு ரசீது வாங்கிக் கொடுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். மேடையில் முழங்கும் நூறு பிரசங்கங்களைவிட, ஏழையின் சுவரில் ஏறும் ஒரு மீட்டர் மேலானது.