சேன்ஸ்பரி அங்காடிகளுக்குள் ஆர்கோஸ் கடைகள்

ஆர்கோஸ் என்பது ஐக்கிய இராச்சியத்தின் பெரிய பொதுப்பொருள் விற்பனை நிறுவனங்களுள் ஒன்று. விளையாட்டுப் பொருள்கள், மின்கருவிகள், அறைகலன்கள், சமையலறைச் சாதனங்கள், நகைகள் என உணவல்லாத பலவகைப் பொருள்களை அது விற்கிறது. சேன்ஸ்பரி என்பது அதே நாட்டின் பழமையான பல்பொருள் அங்காடி நிறுவனம். 2016 ஆம் ஆண்டில் சேன்ஸ்பரி ஆர்கோஸை விலைக்கு வாங்கியது. அதன்பின் கடைத்தெருக்களில் தனித்து இயங்கிய நூற்றுக்கணக்கான ஆர்கோஸ் கடைகள் மூடப்பட்டன. அவற்றுள் பலவற்றின் வணிகம் அருகிலிருந்த சேன்ஸ்பரி அங்காடிகளுக்குள் மாற்றப்பட்டது. "கடைக்குள் கடை" எனப்படும் வணிக முறைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. ஒரு நிறுவனத்தின் பெயரும் விற்பனையும் நிலைத்திருக்க, அதன் கடைகள் மட்டும் தெருவிலிருந்து மறைவது எவ்வாறு நிகழ்கிறது என்பதை இந்த இணைப்பைக் கொண்டு அறியலாம்.

ஆர்கோஸின் தோற்றம்

ஆர்கோஸின் வரலாறு பரிசு வில்லைகளிலிருந்து தொடங்குகிறது. ரிச்சர்ட் டாம்ப்கின்ஸ் என்பவர் 1958 இல் "கிரீன் ஷீல்ட் ஸ்டாம்ப்ஸ்" என்ற திட்டத்தை பிரித்தானியாவில் தொடங்கினார். கடையில் பொருள் வாங்குவோருக்கு, வாங்கிய தொகைக்கு ஏற்ப, தபால்தலை போன்ற சிறு வில்லைகள் தரப்படும். அவற்றை ஒரு சிறு புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்து, பரிசு நிலையத்தில் கொடுத்தால் அதற்கீடான பொருள் கிடைக்கும். வில்லைகளுக்குப் பதில் பணத்தையே வாங்கிக்கொண்டு பொருள் தந்தால் என்ன என்ற எண்ணத்தில் பிறந்ததே ஆர்கோஸ். முதல் கடை 1973 இல் இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரில் திறக்கப்பட்டது. கிரேக்க நாட்டின் ஆர்கோஸ் நகரத்தின் பெயரே நிறுவனத்திற்கு இடப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. 1960 களில் பரிசு வில்லை முறையை வெளிப்படையாக எதிர்த்தவர்களுள் முதன்மையானவர், அப்போது சேன்ஸ்பரியின் தலைவராக இருந்த ஆலன் சேன்ஸ்பரி. வில்லைகளுக்கு ஆகும் செலவு கடைசியில் பொருளின் விலையில்தான் ஏறும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். அந்த வில்லைத் திட்டத்தின் வழித்தோன்றலையே பிற்காலத்தில் அவருடைய நிறுவனம் விலைக்கு வாங்கியது.

ஆர்கோஸ் பலமுறை கைமாறியது. 1979 இல் பி.ஏ.டி. இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் அதை 3.2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 1990 இல் அது தனி நிறுவனமாகப் பங்குச்சந்தைக்கு வந்தது. 1998 இல் ஜி.யு.எஸ். நிறுவனம் ஏறத்தாழ 190 கோடி பவுண்டுக்கு அதைக் கைப்பற்றியது. 2006 முதல் ஹோம் ரீட்டெயில் குரூப் என்ற நிறுவனத்தின் கீழ் இயங்கியது.

வேறுபட்ட விற்பனை முறை

ஆர்கோஸ் கடைகள் ஏன் இன்னொரு கடைக்குள் எளிதாக அடங்கின என்பதை அறிய, அவற்றின் விற்பனை முறையை முதலில் அறிய வேண்டும். வழக்கமான கடையில் பொருள்கள் அடுக்குகளில் காட்சிக்கு இருக்கும். வாடிக்கையாளர் கையால் எடுத்துப் பார்த்து வாங்குவார். ஆர்கோஸில் அப்படியில்லை. கடையின் முன்பகுதியில் கேட்டலாக் எனப்படும் பொருட்பட்டியல் புத்தகங்கள் வைக்கப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் அதைப் புரட்டிப் பார்த்து, வேண்டிய பொருளின் எண்ணை ஒரு சிறு தாளில் எழுதி, பணம் செலுத்தும் இடத்தில் கொடுப்பார். பின்னாலுள்ள கிட்டங்கியிலிருந்து பணியாளர்கள் பொருளை எடுத்து வருவார்கள். தம் எண் அழைக்கப்படும்போது வாடிக்கையாளர் அதைப் பெற்றுக்கொள்வார்.

ஆகவே ஆர்கோஸ் கடை என்பது உண்மையில் ஒரு கிட்டங்கியும் அதன் முன் ஒரு முகப்பும்தான். காட்சி அடுக்குகளுக்கு இடம் தேவையில்லை. சிறிய இடத்தில் ஆயிரக்கணக்கான பொருள்களை விற்க முடிந்தது. திருட்டும் சேதமும் குறைவு. இணையம் பரவியபோது இதே முறை வேறொரு வகையிலும் உதவியது. வீட்டிலிருந்தே பொருளைத் தேர்ந்து ஒதுக்கி வைத்துவிட்டு, கடைக்குச் சென்று பெற்றுக்கொள்ளும் பழக்கத்திற்கு ஆர்கோஸின் வாடிக்கையாளர்கள் எளிதில் மாறினர். காகிதத்தில் பார்த்துத் தேர்ந்ததைத் திரையில் பார்த்துத் தேர்ந்தனர். மற்றவை அப்படியே இருந்தன.

2010 களின் நடுப்பகுதியில் ஆர்கோஸ் தன் கடைகளை மையக் கடைகள், சார்புக் கடைகள் என இரு வகையாக ஒழுங்கமைத்தது. பெரிய கிட்டங்கி உள்ள மையக் கடையிலிருந்து சுற்றியுள்ள சிறு கடைகளுக்கு ஒரே நாளில் பலமுறை சரக்கு அனுப்பப்பட்டது. இதனால் சார்புக் கடையில் இல்லாத பொருளையும் அன்றே தர முடிந்தது. 2015 இல், பதிவு செய்த நாளிலேயே வீட்டில் கொண்டு சேர்க்கும் சேவையும் நாடளவில் தொடங்கப்பட்டது. கடை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் விற்கக்கூடிய பொருள்களின் எண்ணிக்கை குறையாது என்ற நிலை இவ்வாறு ஏற்பட்டது. பின்னர் நிகழ்ந்த இணைப்புக்கு அடித்தளம் இதுவே.

இணைப்புக்கான காரணங்கள்

சேன்ஸ்பரியின் பக்கம் வேறொரு சிக்கல் இருந்தது. 1869 இல் லண்டனின் டுரூரி லேன் தெருவில் சிறு கடையாகத் தொடங்கிய அந்நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரங்களின் ஓரங்களில் மிகப் பெரிய அங்காடிகளைக் கட்டியிருந்தது. 2010 களில் மக்களின் பழக்கம் மாறியது. வாரம் ஒருமுறை காரில் சென்று மொத்தமாக வாங்குவது குறைந்து, தேவைப்படும்போது சிறிது சிறிதாக வாங்குவதும் இணையத்தில் வாங்குவதும் கூடின. ஆல்டி, லிடில் ஆகிய ஜெர்மானிய மலிவு விலை அங்காடிகள் வாடிக்கையாளர்களை ஈர்த்தன. இதனால் பெரிய அங்காடிகளில் முழுமையாகப் பயன்படாத இடம் தேங்கியது. அந்த இடத்திற்கும் வாடகை, வரி, மின்சாரம் ஆகிய செலவுகள் உண்டு, வருவாய்தான் இல்லை.

ஆர்கோஸின் சிக்கல் இதற்கு எதிரானது. அதனிடம் எண்ணூறுக்கும் மேற்பட்ட கடைகள் இருந்தன. பெரும்பாலானவை குத்தகைக்கு எடுக்கப்பட்டவை. கடைத்தெருக்களில் வாடகையும் வணிகச் சொத்துவரியும் மிகுதி. மக்கள் வரத்தோ குறைந்து வந்தது. அமேசான் போன்ற இணைய வணிக நிறுவனங்கள் அதே பொருள்களை வீட்டிற்கே அனுப்பின. ஆர்கோஸுக்கு மக்கள் வந்து செல்லும் இடம் தேவைப்பட்டது. சேன்ஸ்பரியிடம் இடமும் இருந்தது, வாரந்தோறும் வரும் மக்களும் இருந்தனர்.

சோதனையும் கையகப்படுத்தலும்

2015 இல் பத்து சேன்ஸ்பரி அங்காடிகளுக்குள் ஆர்கோஸ் விற்பனை நிலையங்கள் சோதனையாகத் திறக்கப்பட்டன. அப்போது இரண்டும் வெவ்வேறு நிறுவனங்கள். ஒரு நிறுவனம் தன் கடையின் ஒரு பகுதியை இன்னொரு நிறுவனம் தன் பெயரிலேயே வணிகம் செய்ய விட்டுக்கொடுக்கும் ஒப்பந்த முறை அது. சோதனை நடந்த அதே ஆண்டின் இறுதியில் சேன்ஸ்பரி ஆர்கோஸின் தாய் நிறுவனத்தையே வாங்க முன்வந்தது. முதல் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. தென்னாப்பிரிக்கத் தொடர்புடைய ஸ்டைன்ஹாஃப் நிறுவனமும் போட்டியில் இறங்கிப் பின்னர் விலகியது. 2016 செப்டம்பர் 2 அன்று ஏறத்தாழ 140 கோடி பவுண்டு மதிப்பில் கையகப்படுத்தல் நிறைவேறியது. அப்போது சேன்ஸ்பரியின் தலைமைச் செயல் அலுவலராக இருந்தவர் மைக் கூப்.

உரிமை ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்ததும் கணக்கு மாறியது. முன்பு ஆர்கோஸ் தரும் வாடகை சேன்ஸ்பரிக்கு வருவாய், ஆர்கோஸுக்குச் செலவு. இப்போது இரு கணக்குகளும் ஒன்று. தெருவிலுள்ள ஆர்கோஸ் கடையை மூடினால் ஒரு வாடகை, ஒரு வரி, ஒரு மின்கட்டணம், ஒரு காவல் செலவு மொத்தமாக மிச்சம். அந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் அருகிலுள்ள சேன்ஸ்பரிக்கு வந்தால் விற்பனையும் அதிகம் குறையாது. பொருளைப் பெற வருபவர் பாலும் ரொட்டியும் வாங்கிச் செல்லும் வாய்ப்பும் உண்டு.

தனிக் கடைகள் மூடப்படுதல்

இடமாற்றம் முதலில் படிப்படியாக நடந்தது. கொரோனா பெருந்தொற்று அதை விரைவுபடுத்தியது. 2020 மார்ச்சில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டபோது தனித்து இயங்கிய ஆர்கோஸ் கடைகள் மூடப்பட்டன. உணவு அங்காடிகளுக்குத் தடையில்லை என்பதால், சேன்ஸ்பரிக்குள் இருந்த ஆர்கோஸ் நிலையங்களில் மக்கள் தொடர்ந்து பொருள்களைப் பெற முடிந்தது. இணையப் பதிவுகள் பெருகின. தனிக் கடைகள் இல்லாமலேயே வணிகம் நடக்கும் என்பதை நிர்வாகம் நேரில் கண்டது.

அதே ஆண்டு ஜூலையில் ஆர்கோஸ் தன் அச்சுப் பொருட்பட்டியல் புத்தகத்தை நிறுத்துவதாக அறிவித்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டில் அதன் 100 கோடிக்கும் மேற்பட்ட படிகள் அச்சிடப்பட்டிருந்தன. கிறிஸ்துமஸுக்கு முன் குழந்தைகள் அதைப் புரட்டி, வேண்டிய விளையாட்டுப் பொருள்களை வட்டமிட்டு வைப்பது பல பிரித்தானியக் குடும்பங்களின் வழக்கமாக இருந்தது.

2020 நவம்பரில் சேன்ஸ்பரி வெளியிட்ட திட்டம் இன்னும் விரிவானது. அதன்படி 2024 மார்ச்சுக்குள் சுமார் 420 தனி ஆர்கோஸ் கடைகள் மூடப்படும். மார்ச் மாதத்தில் மூடியபின் திறக்கப்படாமலே இருந்த 120 கடைகளும் இதில் அடக்கம். சேன்ஸ்பரி அங்காடிகளுக்குள் புதிதாக 150 ஆர்கோஸ் நிலையங்கள் திறக்கப்படும். தனிக் கடைகளாக ஏறத்தாழ 100 மட்டுமே எஞ்சும். அங்காடிகளில் இறைச்சி, மீன், சமைத்த உணவு ஆகியவற்றுக்கான தனி விற்பனைப் பிரிவுகளும் மூடப்படும். இம்மாற்றங்களால் சுமார் 3,500 பேர் வேலை இழக்கக்கூடும் என்று அறிவிக்கப்பட்டது.

விளைவுகள்

வாடிக்கையாளர்: காரில் வருபவர்களுக்கு இந்த மாற்றம் வசதியானது. வண்டி நிறுத்த இடம் உண்டு. அங்காடி நீண்ட நேரம் திறந்திருக்கும். மளிகையோடு மின்கேத்தலையும் ஒரே நடையில் வாங்கலாம். கார் இல்லாதவர்கள், முதியவர்கள், நகர மையத்தில் வாழ்வோர் ஆகியோருக்கு நிலைமை வேறு. நடந்து சென்ற கடைக்குப் பதில், நகரின் ஓரத்திலுள்ள அங்காடிக்குப் பேருந்தில் செல்ல வேண்டியதாகலாம்.

பணியாளர்: இடமாற்றம் நடக்கும்போது பலருக்கு அங்காடிக்குள் வேலை தரப்படுகிறது. ஆயினும் தனிக் கடைக்குத் தேவைப்படும் அத்தனை பணியிடங்களும் அங்காடிக்குள் தேவைப்படுவதில்லை. இரு நிறுவனங்கள் இணையும்போது மிச்சமாகும் செலவின் ஒரு பகுதி ஊழியர்களின் சம்பளமே என்பதை மறந்துவிடக் கூடாது.

கடைத்தெரு: ஒரு பெரிய கடை மூடப்பட்டால் அதன் இழப்பு அந்தக் கடையோடு நிற்பதில்லை. ஆர்கோஸுக்கு வந்தவர்கள் பக்கத்திலுள்ள தேநீர்க் கடைக்கும் மருந்துக் கடைக்கும் சென்றவர்கள். அவர்கள் அங்காடிக்குச் சென்றுவிட்டால், நிறுவனத்தின் கணக்கில் விற்பனை குறையாது. தெருவின் கணக்கில் குறையும். இந்த இழப்பு எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

தாய் அங்காடி இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு அயர்லாந்துக் குடியரசு சான்று. அங்கு சேன்ஸ்பரி அங்காடிகள் இல்லை. தேவையான முதலீடு பயன் தராது என்று கூறி, அங்கிருந்த 34 ஆர்கோஸ் கடைகளும் 2023 ஜூனுக்குள் மூடப்பட்டன. ஏறத்தாழ 580 பேர் வேலை இழந்தனர். அடைக்கலம் புகுவதற்கு ஓர் அங்காடி அந்த நாட்டில் இருக்கவில்லை.

பிற நிறுவனங்களுடன் ஒப்பீடு

இந்த இணைப்பை மதிப்பிட, தனித்து நின்ற பொதுப்பொருள் நிறுவனங்களின் முடிவையும் பார்க்க வேண்டும். உல்வொர்த்ஸ் நிறுவனம் 2008 இறுதியில் நொடித்தது. 2009 சனவரி 6 க்குள் அதன் 807 கடைகளும் மூடப்பட்டன. சுமார் 27,000 பேர் வேலை இழந்தனர். பி.எச்.எஸ். நிறுவனம் 2016 இல் மறைந்தது. 164 கடைகளும் ஏறத்தாழ 11,000 வேலைகளும் போயின. ஏறத்தாழ 400 கடைகளைக் கொண்டிருந்த வில்கோ 2023 இல் நொடித்தது. அதன் பெயரை வேறொரு நிறுவனம் வாங்கிக்கொண்டது.

இவற்றோடு ஒப்பிட்டால் ஆர்கோஸின் பெயரும் வணிகமும் ஆயிரக்கணக்கான வேலைகளும் காப்பாற்றப்பட்டன எனலாம். உல்வொர்த்ஸ், பி.எச்.எஸ். கடைகள் பொருள்களைப் பரப்பிக் காட்சிக்கு வைக்கும் பெரிய கடைகள். அவற்றை அங்காடியின் ஒரு மூலையில் அடக்குவது கடினம். காட்சி அடுக்குகள் இல்லாத ஆர்கோஸுக்கு அது இயன்றது. எனவே எல்லாப் பொதுப்பொருள் கடைகளுக்கும் இவ்வழி பொருந்தும் என்று கொள்ள முடியாது.

அண்மைய நிலை

இன்று ஆர்கோஸ் விற்பனை நிலையங்களில் பெரும்பாலானவை சேன்ஸ்பரி அங்காடிகளுக்குள்ளேயே உள்ளன. ஆனால் இணைப்பு நிரந்தரமானது என்று சொல்ல முடியாது. 2025 செப்டம்பரில் ஆர்கோஸை விற்பது குறித்துச் சீனாவின் ஜேடி.காம் நிறுவனத்துடன் பேச்சு நடப்பதாகச் சேன்ஸ்பரி உறுதி செய்தது; மறுநாளே பேச்சு முறிந்ததாக அறிவித்தது. தெருவில் கடை இருந்த காலத்தில் ஆர்கோஸ் பலமுறை கைமாறியும் கடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன. இப்போது அதன் நிலையங்கள் இன்னொரு நிறுவனத்தின் கூரைக்குக் கீழ் உள்ளன. இனி அது மீண்டும் கைமாறினால், அந்த இடங்களில் தொடர்வதா, எந்த வாடகைக்குத் தொடர்வது என்பதையும் சேன்ஸ்பரியுடன் பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.