பூட்டு உடையல... சாவி கைமாறிச்சு! உங்க லாகின் பத்திரமா இருக்கா?

தஞ்சாவூர் பக்கம் விவசாயிக்குப் பாதி வேலை இப்போது கம்ப்யூட்டர் சென்டரில்தான். சிட்டா, அடங்கல், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆன்லைன் பதிவு... "போன்ல ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கண்ணே" என்றால் யோசிக்காமல் சொல்லிவிடுகிறோம். இதே பழக்கம் அரசு அலுவலகத்துக்குள் இருந்தால் என்ன ஆகும்?

2020-ல் அம்பலமான பி.எம். கிசான் மோசடி ஞாபகம் இருக்கா? நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் திட்டம். தமிழகத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பட்டியலில் சேர்த்து, 110 கோடி ரூபாய் வரை சுருட்டினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள்தான் அதிகம் அடிபட்டன. சிபிசிஐடி விசாரணை, சஸ்பெண்ட், கைது என்று போனது.

இதில் பெரிய ஹேக்கிங் எதுவும் கிடையாது. விண்ணப்பத்துக்கு ஒப்புதல் தர அதிகாரிகளிடம் இருந்த யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் ஒப்பந்த ஊழியர், புரோக்கர், தனியார் சென்டர் என்று கைமாறியிருந்தன. சர்வரைக் கேட்டால், உள்ளே வந்தது அதிகாரிதான் என்று சொல்லும்! அதிகாரியின் போனுக்கு ஓடிபி வந்தால்தான் லாகின் திறக்கும் என்று இருந்திருந்தால், வேறு யாராவது நுழையும்போதே அவருக்குத் தெரிந்திருக்கும். அவரே ஓடிபியையும் போனில் சொல்லிவிட்டால், அது வேற கதை.

வெளியிலிருந்து முட்டுபவர்களும் உண்டு. 2013 ஏப்ரலில், இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் லாகின் பக்கங்களை 90,000-க்கும் மேற்பட்ட ஐபி முகவரிகளிலிருந்து தாக்கினார்கள். யூசர் பெயர் 'அட்மின்' என்று வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. 'மூன்று முறை தப்பினால் அந்த முகவரி முடக்கம்' என்ற காவல் இங்கே எடுபடாது. நொடிக்கு ஒரு புது முகவரியில் வந்தாலே ஒரு நாள் முழுக்கத் தட்டலாம். ஒரு நாளைக்கு 86,400 நொடிதானே!

அதனால் 'அட்மின்' என்ற பெயரை முதலில் மாத்துங்க. வேறெங்கும் பயன்படுத்தாத, நீளமான பாஸ்வேர்டு வையுங்க. அதோடு ஓடிபி அல்லது ஆத்தென்டிகேட்டர் ஆப், இதுதான் முக்கியம். சென்டர் நடத்துகிறீர்களா? நாலு பேருக்கு ஒரே ஐடி வேண்டாம், ஆளுக்கொன்று கொடுங்க. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அவர் ஐடியை முடக்குங்க. வாடிக்கையாளரா? பிரவுசர் 'பாஸ்வேர்டை சேமிக்கவா?' என்று கேட்டால் வேண்டாம் என்று கொடுத்து, லாக்-அவுட் செய்துவிட்டு எழுந்திருங்க. ஓடிபி எதற்கு வந்திருக்கிறது என்று மெசேஜை முழுசா படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்க.

கணக்கிலிருந்து பணம் போய்விட்டதா? தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்க.