யுகுலேலேக்குள் ஒட்டியிருக்கும் மரக்குச்சிகள் - ஒலியையும் ஆயுளையும் எப்படித் தீர்மானிக்கின்றன?

உங்களிடம் யுகுலேலே இருக்கிறதா? ஒலித்துளைக்குள் விரலை விட்டு மேற்பலகையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் குறுக்கே ஒரு மரக்குச்சி தட்டுப்படும். அதற்குப் பெயர் 'பிரேஸ்'.

வெளியே தெரியாத அந்தக் குச்சிக்கு அப்படி என்ன வேலை?

பலகையைத் தாங்கும் வேலை

தந்தி தனியாக அதிர்ந்தால் அவ்வளவாகச் சத்தம் வராது. அதன் அதிர்வு பிரிட்ஜ் வழியாக மேற்பலகைக்குப் போகிறது. அந்தப் பலகைதான் காற்றை அசைத்து ஒலியைப் பெரிதாக்குகிறது. நன்றாக அதிரவேண்டும் என்பதால் அதை ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு இழைக்கிறார்கள்.

சிக்கலே அங்குதான். நான்கு தந்திகளும் சேர்ந்து சுமார் 15 முதல் 25 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையுடன் பிரிட்ஜை இழுக்கின்றன. நீங்கள் வாசிக்காத நேரத்திலும் இழுத்துக்கொண்டேதான் இருக்கும். பிரேஸ் இல்லாவிட்டால் பிரிட்ஜ் முன்பக்கம் சாயும், அதன் பின்னால் பலகை புடைக்கும்.

அப்போ நிறைய பிரேஸ் போட்டுவிடலாமே?

கிட்டாருக்குப் பெயர்போன அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் அதைத்தான் செய்தது. 1907இல் அது சில யுகுலேலேக்களை உருவாக்கியது. கிட்டாரைப் போலவே உள்ளே நிறைய பிரேஸ். கருவி உறுதியாக இருந்தது. ஆனால் ஒலி மந்தம், வாங்குவோரைக் கவரவில்லை.

பிறகு பிரேஸைக் குறைத்து, மஹோகனி மரத்தில் செய்து பார்த்தார்கள். 1920களில் அந்த யுகுலேலேக்கள் சக்கைப்போடு போட்டன.

காரணம் எளிது. எஃகுத் தந்தி கிட்டாரில் இழுவிசை சுமார் 70 கிலோகிராம். கனமான பலகையை அசைக்க அதற்குச் சக்தி உண்டு. யுகுலேலேயின் நைலான் தந்திகளுக்கு அந்தச் சக்தி இல்லை.

அகலமா, உயரமா?

பிரேஸின் அகலத்தை இரட்டிப்பாக்கினால் எடையும் விறைப்பும் 2 மடங்காகும். உயரத்தை இரட்டிப்பாக்கினால்? எடை 2 மடங்குதான். விறைப்போ 8 மடங்கு!

நம்ப முடியவில்லையா? பிளாஸ்டிக் அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து வளையுங்கள். பிறகு செங்குத்தாகப் பிடித்து வளையுங்கள். வித்தியாசம் புரியும்.

அதனால்தான் பிரேஸ்களை ஒல்லியாகவும் உயரமாகவும் செய்கிறார்கள். எடை குறைந்த, விறைப்பான ஸ்புரூஸ் மரம் அதற்கு அதிகம் பயன்படுகிறது. பலகையின் ஓரம் தாராளமாக அசைய, குச்சியின் நுனிகளைச் செதுக்கி மெல்லியதாக்குவதும் உண்டு.

சிறிய சப்ரானோ வகைக்கு ஓரிரு குறுக்குக் குச்சிகளே போதும். பெரிய டெனர் வகையில் பலகையும் பெரிது, இழுவிசையும் அதிகம். அதனால் பிரிட்ஜுக்கு அடியில் விசிறி போல 3 குச்சிகளைக் கூடுதலாக ஒட்டுவது வழக்கம்.

பலகை லேசாக இருந்தால் ஒலி சட்டென்று கிளம்பும், சீக்கிரம் அடங்கும். விறைப்பாக இருந்தால் சத்தம் குறையலாம், ஆனால் நீண்டு ஒலிக்கும். எது பிடிக்கும் என்பது உங்கள் காதைப் பொறுத்தது.

எப்போது கவலைப்பட வேண்டும்?

சிங்கப்பூரின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கும் மேல். குளிர்சாதன அறையிலோ காற்று வறண்டிருக்கும். ஈரத்தில் மரம் விரியும், வறட்சியில் சுருங்கும். மாறி மாறி இப்படி நடந்தால் பிரேஸின் பசை விட்டுப்போகலாம்.

இவற்றைக் கவனியுங்கள்:

- குறிப்பிட்ட சில சுரங்களில் மட்டும் 'ஜிர்ர்' என்ற சத்தம்
- பலகையைத் தட்டினால் ஓரிடத்தில் மட்டும் கலகல ஒலி
- பிரிட்ஜுக்குப் பின்னால் நாளுக்கு நாள் கூடும் புடைப்பு (லேசான புடைப்பு இயல்பு)
- தந்திகள் முன்பைவிட உயரமாகி, அழுத்தக் கடினமாவது

கருவியைப் பெட்டிக்குள், குளிரூட்டியின் நேரடிக் காற்று படாமல் வையுங்கள். யுகுலேலேக்கு எஃகுத் தந்தி மாட்டவே மாட்டாதீர்கள். அதன் பிரேஸ் அந்த இழுவிசைக்காகச் செய்யப்பட்டதல்ல.

'ஜிர்ர்' சத்தம் கேட்டால் தள்ளிப்போடாமல் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். விட்டுப்போன பிரேஸை மீண்டும் ஒட்டுவது சின்ன வேலை. வளைந்துபோன பலகையை நிமிர்த்துவது அப்படியல்ல.