நடையிலும் உடையிலும் தேடிய அடையாளம்

திரையில் ஒருவன் இடுப்பை ஒடித்து நடந்து வருகிறான். கையை வளைத்து, குரலைக் குழைத்துப் பேசுகிறான். கதாநாயகனின் தோழன் அவனைக் கண்டு அஞ்சியவன்போல் அலறி ஓடுகிறான். கொட்டகை முழுவதும் சிரிப்பொலி எழுகிறது. நகைச்சுவை என்ற பெயரில் தமிழ்ப் படங்களில் பல்லாண்டுகளாக நாம் கண்டுவரும் காட்சி இது. கொட்டகைப் பக்கமே போகாத இல்லங்களுக்கும் தொலைக்காட்சி இதனைக் கொண்டுவந்து சேர்த்தது. இன்று பிள்ளைகளின் கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆணை நாடும் ஆண் என்பவன் இப்படித்தான் இருப்பான் என்று எட்டு வயதுக் குழந்தையும் கற்றுக்கொண்டுவிடுகிறது.

அச்செயலைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். அதனை மீண்டும் எடுத்துரைக்க இக்கட்டுரை எழுதப்படவில்லை. திரை காட்டும் அந்த உருவம் எங்கிருந்து வந்தது, அதனை நம்பியதால் நம் குடும்பங்களில் நேர்வது என்ன என்பதே இங்கு நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

வாசனை வீசிய அட்டை

அமெரிக்கப் படத்தயாரிப்பாளர்கள் 1930ஆம் ஆண்டில் தமக்குத் தாமே ஓர் ஒழுக்க விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டனர். அதனை எழுதியவர்களுள் ஒருவர் டேனியல் லார்ட் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். தயாரிப்பாளர் சங்கத் தலைவரின் பெயரால் அது ஹேஸ் விதிகள் என வழங்கப்பட்டது. 1934 முதல் அது கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்தது. அனுமதி முத்திரை பெறாத படத்தைப் பெரிய நிறுவனங்களின் கொட்டகைகளில் திரையிட இயலாது. மீறினால் 25,000 டாலர் அபராதம். தடுக்கப்பட்டவற்றுள் தன்பால் ஈர்ப்பும் ஒன்று. அதைக் காட்டக்கூடாது என்பது மட்டுமன்று, குறிப்பாகச் சுட்டவும் கூடாது என்றது விதி.

நல்ல ஏற்பாடுதானே என்று நம்மில் பலருக்குத் தோன்றலாம். ஆனால் விளைந்தது வேறு. அத்தகைய பாத்திரங்கள் திரையிலிருந்து மறைந்துவிடவில்லை. பெயர் சொல்ல வழியில்லாத இயக்குநர்கள் சாடையால் சொல்லத் தொடங்கினர். 1941இல் வெளிவந்த 'தி மால்டிஸ் ஃபால்கன்' என்னும் துப்பறியும் படத்தில் ஜோயல் கெய்ரோ என்றொரு பாத்திரம் உண்டு. நடித்தவர் பீட்டர் லாரி. அவன் அறைக்குள் நுழையுமுன் அவனுடைய முகவரி அட்டை வந்து சேர்கிறது. துப்பறிவாளர் அதனை முகர்ந்து பார்க்கிறார். பூவின் வாசனை! அவ்வளவுதான், பார்த்தவர்கள் புரிந்துகொண்டார்கள். படத்தின் மூலமான நாவலில் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டிருந்த செய்தி, திரையில் ஒரு நறுமணமாகச் சுருங்கிப்போயிற்று.

(அத்தர் பூசாமல் ஜும்ஆவுக்குப் புறப்படாத நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தத் துப்பறிவாளரின் கையில் அகப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!)

இவ்வாறு வாசனைத் திரவியமும் கைக்குட்டையும் மென்குரலும் குலுங்கு நடையும் அடையாளங்களாகிவிட்டன. அந்த அடையாளங்களைத் தாங்கியவன் ஒன்று கோமாளியாக இருப்பான். இன்றேல் கொடியவனாக இருப்பான்.

அக்காலத்து இன்னொரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. ரிச்சர்ட் புரூக்ஸ் என்பவர் 1945இல் எழுதிய ஒரு நாவலில், வெறுப்பு மிகுந்த படைவீரன் ஒருவன் தன்பால் ஈர்ப்புடைய ஒருவனைக் கொன்றுவிடுகிறான். அந்நாவலை 1947இல் 'கிராஸ்ஃபயர்' என்ற பெயரில் படமாக்கியபோது விதி குறுக்கே நின்றது. ஆகவே கொல்லப்பட்டவனை யூதனாக மாற்றிவிட்டார்கள். படம் யூத வெறுப்பைக் கண்டித்த படைப்பாகப் போற்றப்பட்டது. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரையும் பெற்றது. பலியானவனை எடுத்துவிட்டு அவ்விடத்தில் இன்னொருவனை வைத்தபோதும் கதை பிசகவில்லை. கொன்றவனின் வெறுப்புக்கு ஆள் யார் என்பது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை போலும்.

1961 அக்டோபரில் அந்த விதி தளர்த்தப்பட்டது. இனி பெயர் சொல்லலாம் என்ற நிலை வந்ததும் வேறொரு வழக்கம் தொடங்கிற்று: பெயர் சொல்லப்பட்டவர் படம் முடிவதற்குள் இறந்தாக வேண்டும். அவ்வாண்டே வெளியான 'தி சில்ட்ரன்ஸ் அவர்' படத்தில் பள்ளி ஆசிரியை ஒருத்தி தூக்கிட்டு மாய்கிறாள். விட்டோ ருஸ்ஸோ என்ற அமெரிக்கர் இத்தகைய படங்களை ஆண்டுக்கணக்கில் தேடிப் பார்த்து 1981இல் ஒரு நூல் எழுதினார். எந்தப் பாத்திரம் எவ்விதம் இறந்தது என்று பட்டியலே தயாரித்தவர் அவர்.

அதே 1961இல் இங்கிலாந்தில் 'விக்டிம்' என்ற படம் வந்தது. அந்நாட்டில் அப்போது அது சட்டப்படி குற்றம். அதனைப் பயன்படுத்தி மிரட்டிப் பணம் பறிப்போர் இருந்தனர். படத்தின் நாயகர் ஒரு வழக்கறிஞர். மணமானவர், மதிப்புக்குரியவர். டர்க் போகார்ட் நடித்த அப்பாத்திரத்தின் நடையிலோ உடையிலோ எவரும் எதனையும் கண்டுபிடிக்க இயலாது. மிரட்டுவோரைக் காட்டிக்கொடுத்தால் தம் வாழ்வும் அழியும் என்று அறிந்தே அவர் துணிகிறார். அந்த வீட்டில் அவருடைய மனைவி படும் பாட்டையும் படம் மறைக்கவில்லை. அமெரிக்காவில் அதற்கு முத்திரை மறுக்கப்பட்டது. இங்கிலாந்தின் சட்டம் 1967இல் மாற்றப்பட்டது.

குல்லாவும் தாடியும்

நம் நாட்டுத் திரைக்கு வருவோம். 2006இல் வெளிவந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தில் தொடர்கொலை புரியும் இரு இளைஞர்களும் இத்தகையவர்களாகச் சுட்டப்பட்டனர். 2008இன் 'தோஸ்தானா' என்ற இந்திப் படத்திலோ இரு நாயகர்கள் வீடு வாடகைக்குக் கிடைப்பதற்காக அப்படி நடிக்கிறார்கள். ஓரிடத்தில் கொடியவர், இன்னோரிடத்தில் கோமாளி. ஹாலிவுட்டின் பழைய இரு சட்டைகளே இங்கும்!

இவ்வகைச் சித்திரிப்பு என்ன செய்யும் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. குல்லா அணிந்து தாடி வைத்தவன் திரையில் தோன்றினால் அவன் கையில் வெடிகுண்டு இருக்கும் என்று தமிழ்ப் பார்வையாளர்கள் பழக்கப்பட்டுப் போனதை 1992இன் 'ரோஜா' தொடங்கி நாம் கண்டுவருகிறோம். 2013இல் 'விஸ்வரூபம்' படத்தை எதிர்த்து நம் அமைப்புகள் குரலெழுப்பின. தமிழக அரசு தடை விதித்தது. சில மாற்றங்களுக்குப் பின்னரே படம் இங்கு வெளியானது. ஒருவரின் தோற்றத்தைக் காட்டி ஒரு கூட்டத்தையே இழிவுசெய்வது அநீதி என்று அன்று வாதிட்டோம். அந்த வாதம் நமக்கு மட்டும் உரிய சொத்தாக இருக்க முடியாது.

'அலிகர்' என்ற இந்திப் படம் 2016இல் வந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் மராத்தி கற்பித்த பேராசிரியர் சிராஸின் வாழ்வில் நடந்தது அக்கதை. 2010 பிப்ரவரியில் சிலர் அவருடைய வீட்டுக்குள் புகுந்து படம் பிடித்தனர். புகுந்தவர்கள்மீது எழ வேண்டிய கேள்வியைவிட அவர்மீது எழுந்த கேள்வியே பெரிதாயிற்று. அவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஏப்ரலில் அலகாபாத் உயர்நீதிமன்றம் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. சில நாட்களிலேயே அவர் தம் இருப்பிடத்தில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். மனோஜ் பாஜ்பாய் அவரைக் குலுங்கு நடையின்றி நடித்துக் காட்டினார். தனிமையில் பழைய பாடல்களைக் கேட்டபடி அமர்ந்திருக்கும் ஒரு முதியவர், அவ்வளவே. திருக்குர்ஆனின் ஸூரத்துல் ஹுஜுராத்தை ஓதுகிறவர்கள், அதில் ஏளனம் செய்வதும் பிறர் அந்தரங்கத்தைத் துருவுவதும் அடுத்தடுத்த வசனங்களில் தடுக்கப்பட்டிருப்பதை அறிவார்கள். அவ்விரண்டும் இவ்விஷயத்தில் மட்டும் அனுமதிக்கப்பட்டவை என்று எந்த ஆலிமும் நமக்குச் சொன்னதில்லை.

பெண் கொடுத்தவர்கள்

இனி வீட்டுக்குள் வருவோம். திரையின் அடையாளங்களை நம்பும் வாப்பாவும் உம்மாவும் தம் மகனைப் பார்க்கிறார்கள். நிமிர்ந்து நடக்கிறான், ஐவேளைத் தொழுகிறான், கடையைத் திறம்பட நடத்துகிறான். ஆனால் திருமணப் பேச்சை எடுத்தால் மட்டும் ஏதேனும் சாக்குச் சொல்கிறான். ஒருநாள் மனம் துணிந்து அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தாலும் அவர்கள் நம்புவதில்லை. 'அந்த மாதிரி' ஆளுக்கு உரிய நடையும் குரலும் அவனிடம் இல்லையே! சில வீடுகளில் பெற்றோருக்குத் தெரிந்தும் இருக்கும். நிக்காஹ் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தமக்குத் தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டு பெண் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள்.

சரியாகாதபோது அதன் விலையைச் செலுத்துவது மற்றொரு வீட்டுப் பெண். ஆண்டுகள் கழிந்தும் குழந்தை இல்லையென்றால் ஊர் அவளைத்தான் கேட்கிறது. குலா கேட்டு ஜமாஅத்தின் முன் வந்து நிற்கும் பெண்ணுக்குக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லவும் நாணம் இடந்தருவதில்லை. சொன்னாலும் சபை நம்பாது. மனைவிக்குரிய உரிமைகளை வகுத்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. தெரிந்தே ஒரு பெண்ணை இவ்வாறு கட்டிவைப்பது அவளுக்கு இழைக்கும் மோசடியன்றி வேறென்ன? மகனை ஏளனத்திலிருந்து காக்கிறோம் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். அந்த ஏளனத்தை வளர்த்துவிட்டதில் திரைக்குப் பெரும்பங்கு உண்டு.

இந்த இடத்தைத் தொட்ட படம் மலையாளத்தில் 2023 நவம்பரில் வெளியானது. 'காதல் தி கோர்' என்பது பெயர். இயக்கியவர் ஜியோ பேபி. நடிகர் மம்மூட்டி அதில் மாத்யூ என்னும் கிறிஸ்தவக் குடும்பத்தலைவராக வருகிறார். ஊரார் மதிக்கும் மனிதர். உள்ளாட்சி இடைத்தேர்தலில் வேட்பாளர். தேர்தல் நேரத்தில் மனைவி ஓமனா விவாகரத்து கோரி நீதிமன்றம் செல்கிறாள். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் ஜோதிகா. இருபது ஆண்டு மணவாழ்வில் கணவர் தன்னை நெருங்கியது எத்தனை முறை என்று அவள் விரல்விட்டு எண்ணிச் சொல்ல முடிகிறது. கணவர்மீது அவளுக்குப் பகைமை இல்லை. தனக்கு விடுதலை வேண்டும் என்கிறாள், அவருக்கும் அதுவே நல்லது என்கிறாள். கேரள அரசின் சிறந்த படத்துக்கான விருது இதற்குக் கிடைத்தது.

படத்தின் முடிவில் சொல்லப்படும் தீர்வு நமக்கு ஏற்புடையதன்று. அதனை மறைக்க வேண்டிய அவசியமும் இல்லை. என்றாலும் அப்படத்தில் ஒரு காட்சியைப் பெற்றோர் எவரும் எளிதில் கடந்து செல்ல இயலாது. வழக்கு மாத்யூவின் தந்தையிடம் வந்து நிற்கிறது. படம் நெடுகிலும் அதிகம் பேசாத முதியவர் அவர். மகனைக் காக்க ஒரு பொய் சொன்னால் போதும். அவரோ மருமகள் கூறுவது உண்மை என்கிறார். மகனின் நிலையை முன்பே தாம் அறிந்திருந்ததையும், மணம் செய்துவைத்தால் மாறிவிடுவான் என்று நம்பியதையும் ஒப்புக்கொள்கிறார். அதற்குள் ஓமனாவின் மகள் கல்லூரியில் படிக்கும் வயதை எட்டிவிட்டாள்.